நண்பருக்கு எழுதும் ஆங்கிலக் கடிதம்: தேர்வில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

ஆங்கிலத் தேர்வின் எழுத்துத் தாளுக்குத் தயாராகும்போது பலரும் பயிற்சி செய்யாமலே விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. நண்பருக்கோ உறவினருக்கோ எழுதும் மின்னஞ்சல் அல்லது கடிதம்தான் அது. கட்டுரைக்கு மாதிரி விடைகளைத் தேடித் தேடிப் படிப்பவர்கள்கூட, “நண்பருக்கு எழுதுவதில் என்ன கஷ்டம்?” என்று இதைக் கடந்துவிடுகிறார்கள். இலக்கணப் பிழையே இல்லாமல் எழுதியும் மதிப்பெண் குறைந்து வருவது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். படிக்கப்போகிற அந்த ஒருவரை மறந்துவிட்டு, திருத்துபவருக்காக எழுதுவதே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு மறதியிலிருந்து கிளைப்பவை.

எந்தத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கேம்பிரிட்ஜ் ஏ2 கீ தேர்வில் 25 சொற்களுக்குக் குறையாத ஒரு சிறு மின்னஞ்சல். பி1 பிரிலிமினரியில் ஏறத்தாழ 100 சொற்களில் ஒரு பதில் மின்னஞ்சல்; இது கட்டாயக் கேள்வி. பி2 ஃபர்ஸ்ட் தேர்வின் இரண்டாம் பகுதியில் 140 முதல் 190 சொற்களுக்குள் எழுதும் தெரிவுகளில் ஒன்றாகக் கடிதம் வரும். ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் டிரெயினிங் பிரிவில் முதல் பணியே கடிதம்தான்: குறைந்தது 150 சொற்கள், பரிந்துரைக்கப்படும் நேரம் 20 நிமிடம். கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறதா என்பது இவை எல்லாவற்றிலும் மதிப்பீட்டில் இடம்பெறுகிறது; நடை படிப்பவருக்குப் பொருந்துகிறதா என்பது ஏ2 கீ தவிர மற்றவற்றில் இடம்பெறுகிறது. பி2 ஃபர்ஸ்டில் உள்ளடக்கம், தொடர்பாடல் திறன், ஒழுங்கமைப்பு, மொழி என நான்கு அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். அதாவது இலக்கணமும் சொல்வளமும் சேர்ந்தே கால் பங்குதான்.

கேள்வியை அரைகுறையாகப் படிப்பது

இதுதான் மிகப் பெரிய இழப்பு. ஒரு கற்பனைக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சாரா என்ற தோழி உங்களுக்கு எழுதுகிறாள்: ஓட்டுநர் தேர்வில் மறுபடியும் தோற்றுவிட்டேன், இனி முயற்சியே வேண்டாம் என்று தோன்றுகிறது, ஜூலையில் எங்கள் வீட்டில் வந்து தங்கலாம் என்று பெற்றோர் சொல்லிவிட்டார்கள், முதல் வாரம் வருகிறாயா, கடைசி வாரமா, சேர்ந்து என்ன செய்யலாம், நீ சாப்பிடாத உணவு ஏதாவது இருக்கிறதா. ஓரத்தில் நான்கு குறிப்புகள்: ஆறுதல் சொல், எந்த வாரம் என்று காரணத்தோடு சொல், ஒரு யோசனை சொல், உணவைப் பற்றிச் சொல்.

இந்தக் கேள்விக்கு வரும் விடைகள் இரண்டு விதமாகத் தவறும். ஒரு விதத்தில், வீட்டுக்கு அழைத்த மகிழ்ச்சியில் பாதிக் கடிதம் ஓடிவிடும். ஓட்டுநர் தேர்வைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. சாராவின் இடத்தில் இருந்து அதைப் படித்துப் பாருங்கள். மனம் உடைந்து எழுதியதைத் தோழி கண்டுகொள்ளவே இல்லை என்று அவளுக்குத் தோன்றும். திருத்துபவரின் கண்ணுக்கு அது விடுபட்ட ஒரு குறிப்பு. இன்னொரு விதத்தில் நான்கு குறிப்புகளுக்கும் பதில் இருக்கும், ஆனால் வினாத்தாளுக்கு விடையளிப்பதுபோல: முதல் வாரம் வருகிறேன், நீச்சலடிப்போம், மீன் சாப்பிட மாட்டேன். குறிப்பில் ‘காரணம்’ என்று இருந்தால் காரணம் எழுதப்பட்டே ஆக வேண்டும். “கடைசி வாரம் அக்காவின் திருமணம், அதனால் முதல் வாரமே வருகிறேன்” என்ற ஒரு வரி போதும். அது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. நம்பும்படி இருந்தால் சரி. உங்களுக்கு அக்காவே இல்லாவிட்டாலும் யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

ஐ.இ.எல்.டி.எஸ். கேள்வியில் இதே வேலையை மூன்று குறிப்புகள் செய்கின்றன. அங்கே கூடுதலாக ஒன்று: எதற்காக எழுதுகிறீர்கள் என்பது தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். நண்பருக்கான கடிதம் என்பதால் எதை எதையோ பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வரலாம் என்று நினைப்பவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். நலம் விசாரிக்க ஒரு வரி, அடுத்த வரியில் காரணம். “ஐவ் காட் சம் கிரேட் நியூஸ்” என்றோ “ஐ நீட் யுவர் ஹெல்ப் வித் சம்திங்” என்றோ தொடங்கினால் நோக்கமும் தெரிகிறது, நட்பும் தெரிகிறது.

கேள்வித்தாளின் வாக்கியங்களை அப்படியே திருப்பி எழுதுவதும் இந்த வகைத் தவறுதான். சாரா எழுதிய சொற்களை அவளுக்கே திருப்பி அனுப்பினால் உங்கள் ஆங்கிலம் எங்கே தெரியும்?

அலுவலக நடையில் அன்பு சொல்வது

“டியர் ஃப்ரெண்ட், ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல். ஐ ஆம் ரைட்டிங் டு இன்ஃபார்ம் யூ தட்…” என்று தொடங்கும் கடிதத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தோழியும் தோழிக்கு இப்படி எழுதுவதில்லை. பெயர் தெரிந்த ஒருவரை ‘டியர் ஃப்ரெண்ட்’ என்று அழைப்பதே விலகலைக் காட்டுகிறது. கேள்வியில் பெயர் இருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால் ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள். மிஸ்டர், மிஸ் போன்ற அடைமொழிகள் நண்பருக்கு வேண்டாம்.

அதே தகவலை இப்படி எழுதிப் பாருங்கள்: “ஹாய் சாரா, தேங்க்ஸ் ஃபார் யுவர் ஈமெயில். ஐம் ஸோ சாரி அபவுட் யுவர் டிரைவிங் டெஸ்ட்! ப்ளீஸ் டோன்ட் கிவ் அப்.” எளிய சொற்கள்தான். ஆனால் முதல் மூன்று வாக்கியங்களிலேயே அவள் எழுதியதை நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்பதும் உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்பதும் வந்துவிட்டன.

சொற்களைச் சுருக்கி எழுதுவதைப் பலர் தவறு என்று நினைக்கிறார்கள். கட்டுரைக்கு அது பொருந்தும். இங்கே நிலைமை நேர்மாறு. ‘ஐ ஆம்’, ‘டு நாட்’, ‘இட் இஸ்’ என்று வரிக்கு வரி விரித்து எழுதினால் கடிதம் விறைத்துப்போகிறது. ‘ஐம்’, ‘டோன்ட்’, ‘இட்ஸ்’ என்பவையே நட்பு நடைக்கு இயல்பு. மேற்குறி (அப்பாஸ்டிரஃபி) போட மட்டும் மறக்க வேண்டாம். அது விடுபட்டால் எழுத்துப் பிழை.

இணைப்புச் சொற்களும் அப்படித்தான். கட்டுரைக்காக மனப்பாடம் செய்த ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘நெவர்தலெஸ்’ ஆகியவற்றை நண்பரின் கடிதத்தில் இறக்கிவைப்பவர்கள் ஏராளம். அவற்றின் இடத்தில் ‘ஆல்ஸோ’, ‘பட்’, ‘ஸோ’ போதும். பேச்சை மாற்ற ‘பை தி வே’, முடிக்கத் தொடங்கும்போது ‘எனிவே’. உதவி கேட்கும்போது ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்’ என்று நீட்ட வேண்டாம்; ‘குட் யூ’ அல்லது ‘கேன் யூ’ என்று கேட்டாலே மரியாதை குறையாது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. நட்பு நடை என்றதும் குறுஞ்செய்தியில் தட்டுவதுபோல ‘யூ’ என்பதற்கு ஒற்றை எழுத்து, ‘கிரேட்’ என்பதற்குக் கடைசியில் எண், வாக்கியத்துக்கு வாக்கியம் மூன்று ஆச்சரியக்குறி, சிரிக்கும் முகம் என்று இறங்கிவிடுகிறார்கள். தேர்வு அளப்பது உங்கள் ஆங்கிலத்தை. சுருக்கெழுத்துகள் எழுத்துப் பிழைகளாகவே தோன்றும் அபாயம் உண்டு. மரபுத்தொடர்களைக் கொட்டுவதும் அதே போலத்தான்: மழையைப் பற்றிப் பேச்சே இல்லாத கடிதத்தில் நாயும் பூனையும் மழையாகப் பெய்தால், மனப்பாடம் செய்தது பளிச்சென்று தெரியும்.

யாருக்கு எழுதுகிறோம் என்பதிலேயே குழம்புவோரும் உண்டு. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வீட்டு உரிமையாளருக்கோ மேலாளருக்கோ எழுதச் சொல்வார்கள். அவர்கள் தெரிந்தவர்கள்தான், ஆனால் நண்பர்கள் அல்லர். அங்கே ‘ஹாய்’ பொருந்தாது. நண்பரின் கடிதத்தில் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ பொருந்தாததும் அதே காரணத்தால்தான். எந்த நடையை எடுத்தாலும் அதை நடுவில் மாற்றக் கூடாது. இரண்டு பத்தி தோழமையாகப் பேசிவிட்டு மூன்றாவது பத்தியில் திடீரென்று விண்ணப்பம் எழுதத் தொடங்குவது அடிக்கடி காணப்படும் தவறு. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பீட்டு விளக்கங்களில் தொனி சீராக இருப்பது தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் சில இலக்கணப் பிழைகள்

நண்பருக்கு எழுதும் கடிதத்தில் வழக்கமாகச் சில வேலைகளே வரும்: செய்தி சொல்வது, அறிவுரை தருவது, அழைப்பது, மன்னிப்புக் கேட்பது, ஏதாவது விசாரிப்பது. அதனால் பிழைகளும் வழக்கமான இடங்களிலேயே வருகின்றன.

முதலிடம், சந்தேகமில்லாமல், கடைசி வரிக்கு. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்பதற்குப் பின் ‘ஹியர்’ வராது, ‘ஹியரிங்’ வரும். கடிதம் முழுவதும் நன்றாக எழுதிவிட்டு, திருத்துபவர் கடைசியாகப் படிக்கும் வரியில் பிழையை விட்டுப்போவது வருத்தத்துக்குரியது.

அறிவுரை சொல்லும்போது ‘ஐ சஜெஸ்ட் யூ டு கோ’ என்று எழுதுவது தவறு. ‘ஐ சஜெஸ்ட் கோயிங்’ அல்லது ‘ஐ சஜெஸ்ட் யூ கோ’ என்பதே சரி. நட்பு நடைக்கு ‘வை டோன்ட் யூ’, ‘ஹவ் அபவுட்’ என்ற தொடக்கங்கள் இன்னும் இயல்பாக இருக்கும். ‘ஹவ் அபவுட்’ வந்தால் பின்னால் ‘கோயிங்’, ‘டிரையிங்’ என்ற வடிவம் வர வேண்டும். ‘இஃப் ஐ வேர் யூ, ஐட்’ என்ற அமைப்பும் கைவசம் இருக்கட்டும். எல்லா அறிவுரைக்கும் ‘யூ ஷுட்’, ‘யூ மஸ்ட்’ என்றே எழுதினால் நண்பர் ஆசிரியராகிவிடுகிறார். ‘அட்வைஸ்’, ‘இன்ஃபர்மேஷன்’ ஆகிய சொற்களுக்குப் பன்மை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செய்தி சொல்லும்போது காலம் தடுமாறும். ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’ போன்ற முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘ஐ ஹேவ் மெட்’ வராது. ‘ஐ மெட்’ என்றுதான் எழுத வேண்டும். விசாரிக்கும்போது ‘கேன் யூ டெல் மீ வாட் டைம் டஸ் தி டிரெயின் லீவ்’ என்று இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள். ‘கேன் யூ டெல் மீ’ என்று தொடங்கிவிட்டால் பின்பகுதி ‘வாட் டைம் தி டிரெயின் லீவ்ஸ்’ என்று சாதாரண வாக்கிய வரிசைக்கு வந்துவிட வேண்டும்.

பத்தி, நீளம், முடிவு

நண்பருக்குத்தானே என்று எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கொட்ட வேண்டாம். குறிப்புக்கு ஒரு பத்தி என்பது பாதுகாப்பான வழி. சாராவுக்கான 100 சொல் மின்னஞ்சலிலேயே மூன்று சிறு பத்திகள் தாராளமாக அமையும். நீளத்தைப் பொறுத்தவரை, குறைவாக எழுதினால் சொல்ல வேண்டியது விடுபடும். அளவுக்கு மீறி எழுதினால் கேட்காததெல்லாம் உள்ளே வரும், நேரமும் போகும். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டாம் பணியான கட்டுரைக்கு முதல் பணியைப்போல இரண்டு மடங்கு எடை இருக்கிறது; கடிதத்தில் 35 நிமிடம் செலவழித்தால் மிச்சமுள்ள 25 நிமிடத்தில் கட்டுரை நொண்டும்.

கடைசிக் குறிப்புக்குப் பதில் எழுதியதும் சட்டென்று நின்றுவிடாமல், விடைபெற ஒரு வரி எழுதுங்கள். “காண்ட் வெயிட் டு சீ யூ இன் ஜூலை!” என்றால் சாராவின் அழைப்போடு அது சேர்ந்துகொள்கிறது. அதன்கீழ் ‘லவ்’, ‘டேக் கேர்’, ‘ஆல் தி பெஸ்ட்’, ‘பெஸ்ட் விஷஸ்’ ஆகியவற்றில் ஒன்று. அடுத்த வரியில் பெயர்.

எழுதி முடித்தபின் இரண்டு நிமிடம் மிச்சம் வையுங்கள். கேள்வியில் உள்ள ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே, அதற்குப் பதிலான வாக்கியம் உங்கள் கடிதத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். விரல் வைக்க இடமில்லாத குறிப்பு இருந்தால் அதற்கான ஒரு வாக்கியத்தை உடனே சேர்த்துவிடுங்கள். பிறகு முதல் வரியையும் கடைசி வரியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே ஆளுக்கு எழுதியவைபோல் ஒலிக்க வேண்டும். மேற்குறிகளையும் ‘ஹியரிங்’ என்ற சொல்லையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முகவரி எழுத நேரம் செலவிட வேண்டாம், ஐ.இ.எல்.டி.எஸ். கேள்வித்தாளே அது தேவையில்லை என்று சொல்லிவிடுகிறது.