ஐ.என்.ஆர். எங்கே தவறுகிறது?

ரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2.5 வந்தால் டாக்டர் அதே டோஸைத் தொடரச் சொல்வார். 3.3 வந்தால் குறைக்கலாமா என்று யோசிப்பார். அதே ரத்தம், மெஷின் காட்டிய அதே 30 விநாடி. அதிலிருந்து இந்த இரண்டு எண்ணுமே வரலாம்.

கணக்கைப் பாருங்கள். நோயாளியின் பி.டி. நேரத்தை (சோதனையில் பிளாஸ்மா உறைய எடுக்கும் விநாடிகள்) ஆரோக்கியமானவர்களின் நார்மல் சராசரியால் வகுத்து, விடையை ஐ.எஸ்.ஐ. (ரீஏஜென்ட்டின் உணர்திறனைக் குறிக்கும் எண்) அடுக்குக்கு உயர்த்த வேண்டும். சராசரி 12 விநாடி என்றால் 30/12 = 2.5. ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 2.5, 1.3 என்றால் கிட்டத்தட்ட 3.3. பிளாஸ்மாவை உறைய வைக்கச் சேர்க்கும் ரீஏஜென்ட்தான் த்ரோம்போபிளாஸ்டின். அது ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். அதைச் சரிக்கட்டத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983இல் இந்த முறையை ஏற்றது. ரீஏஜென்ட்டின் புது லாட்டை (தயாரிப்புத் தொகுதியை) திறந்துவிட்டு மெஷினில் பழைய ஐ.எஸ்.ஐ.யையே விட்டுவைத்தால் அத்தனையும் வீண்.

இதைவிட அதிகம் நடக்கும் தவறு, கண்ட்ரோல் பிளாஸ்மாவின் நேரத்தால் வகுப்பது. ரிப்போர்ட்டில் ‘கண்ட்ரோல் 13 விநாடி’ என்று எழுதி, அதையே வகுக்கும் எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன 3.3 அப்போது 3.0 ஆகிவிடும். இன்று மெஷினும் ரீஏஜென்ட்டும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று சொல்வதோடு கண்ட்ரோலின் வேலை முடிந்தது. வகுக்க வேண்டிய எண், குறைந்தது 20 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை அதே லாட், அதே மெஷினில் ஓட்டிக் கிடைக்கும் பெருக்குச் சராசரி. லாட் மாறினால் அதையும் மறுபடி பார்க்க வேண்டும். 20 பேரைத் திரட்டுவது சிரமம்தான், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அப்புறம், உலர்த்திய ரெஃபரன்ஸ் பிளாஸ்மாவைக் கரைப்பது. மூடியில் ஒட்டிய தூளை மெதுவாகத் தட்டி இறக்குங்கள். 1 மில்லி என்று போட்டிருந்தால் சரியாக 1 மில்லி டிஸ்டில்டு வாட்டர், நல்ல பைப்பெட்டில். 0.9 ஊற்றினால் பிளாஸ்மா அடர்த்தியாகி எதிர்பார்த்த நேரம் வராது. குலுக்கி நுரை எழுப்பாமல் கையில் வைத்து மெல்லச் சுழற்றி, உடன் வரும் தாளில் சொன்ன நேரம் வரை, பெரும்பாலும் அரை மணி, அப்படியே வையுங்கள். இதைக் கொண்டுதான் மெஷினை அளவுதிருத்தம் செய்கிறோம். இங்கே நேரும் பிழை அடுத்து வரும் ஒவ்வொரு நோயாளியின் ரிப்போர்ட்டிலும் ஏறும். ஃப்ரீசரில் உறைய வைத்த பிளாஸ்மாவை மேசைமேல் வைத்து உருக்காதீர்கள். மெதுவாக உருகினால் ரத்த உறைவுக்குத் தேவையான ஃபைப்ரினோஜன் புரதம் படிவாகப் பிரிந்துவிடும். 37 டிகிரி வாட்டர் பாத்தில் வேகமாக உருக வேண்டும்.

நோயாளியின் மாதிரியிலும் கவனம் வேண்டும். 3.2% சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் கோடுவரை ரத்தம் நிரம்ப வேண்டும். குறைந்தால் நேரம் நீளும். பி.டி. மாதிரியை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் ஒன்றான ஏழாம் காரணி தூண்டப்பட்டு நேரம் குறைந்து தெரியும்.

லாட் மாற்றும் நாளில் வார்ஃபரின் நோயாளிகள் சிலரின் மாதிரியைப் பழைய லாட்டிலும் புதியதிலும் ஓட்டிப் பாருங்கள். ஐ.என்.ஆர். ஒத்துப்போகாவிட்டால், காரணம் தெரியும்வரை புது லாட்டில் ரிப்போர்ட் கொடுக்காதீர்கள்.