இடிப்பு நோட்டீஸ் வந்தால் முதலில் தேதியைப் பிடியுங்கள்

நான் வக்கீல் குமாஸ்தா. கட்டட நோட்டீஸோடு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, அது வந்த தபால் கவரை. பலரும் கிழித்து எறிந்துவிட்டுத்தான் வருகிறார்கள். தபால் முத்திரை அதில்தானே இருக்கிறது! நோட்டீஸில் அச்சடித்த தேதி ஒன்று, உங்கள் கைக்கு வந்த தேதி வேறு. கெடு ஓடுவது கைக்கு வந்த நாளிலிருந்து.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விசுவநாதன் அமர்வு தந்த தீர்ப்பு நாடு முழுக்கச் செல்லும். பதில் சொல்ல 15 நாள், அல்லது உள்ளூர்ச் சட்டம் தரும் கெடு, எது பிந்தியதோ அது. நோட்டீஸ் பதிவுத் தபாலிலும் வர வேண்டும், கட்டடத்தின் வெளிப்புறத்திலும் ஒட்ட வேண்டும். முன்தேதி போடுவதைத் தடுக்க, கொடுத்த கையோடு கலெக்டர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் போக வேண்டும். அது எப்போது போனது என்று உங்கள் பதிலிலேயே கேளுங்கள்.

ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கும், கோர்ட்டே இடிக்கச் சொன்ன இடத்துக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கண்மாய்ப் புறம்போக்கில் வீடு இருந்தால் அன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

அடுத்து நோட்டீஸைப் படியுங்கள். என்ன விதிமீறல், எந்த ஆவணங்கள் வேண்டும், நேரடி விசாரணை என்றைக்கு, யார் முன்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘அனுமதிக்கு மாறாகக் கட்டப்பட்டுள்ளது’ என்று மொட்டையாக ஒரு வரி மட்டும் இருந்தால், அந்தக் குறையையே பதிலில் முதல் பத்தியாக எழுதுங்கள்.

தயவுசெய்து கெஞ்சிக் கடிதம் எழுதாதீர்கள். ‘தெரியாமல் கட்டிவிட்டோம், பெரிய மனசு பண்ணுங்கள்’ என்று எழுதிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. விதிமீறலை ஒப்புக்கொண்டதாகவே அது கோப்பில் ஏறும். அளவைச் சொல்லுங்கள்: வரைபட அனுமதிப்படி பின்பக்கம் எத்தனை அடி விட வேண்டும், இப்போது எத்தனை இருக்கிறது. அனுமதி நகல், பத்திர நகல், போட்டோ சேருங்கள். சொத்துவரி ரசீதை மட்டும் நம்பாதீர்கள், வரி கட்டியது கட்ட அனுமதி ஆகாது. கட்டணம் செலுத்தி முறைப்படுத்தலாமா, ஒரு பகுதியை மட்டும் அகற்றினால் போதுமா என்று கட்டாயம் கேளுங்கள். இடிப்பதைத் தவிர ஏன் வழியில்லை என்று உத்தரவில் அதிகாரிகள் காரணம் எழுதியாக வேண்டும். பதிலைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள்.

விசாரணைக்கு நேரில் போங்கள். நீங்கள் சொன்னது குறிப்பில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

உத்தரவு பாதகமாக வந்தாலும், அது கைக்கு வந்து 15 நாள் வரை இடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வந்த நடவடிக்கை என்றால் 80-ஏ பிரிவின்படி அரசிடம் முறையிடலாம். அதோடு இடைக்காலத் தடை மனுவையும் சேர்த்தே கொடுங்கள். மீறி இடித்தால் கோர்ட் அவமதிப்பு. பொறுப்பான அதிகாரி சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. இடிப்பை வீடியோ எடுப்பதும் அவர்கள் கடமை. அதன் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.