அமெரிக்கக் கிராமப்புறத் தபால் வழியில் முதல் வாரங்கள்: புதிய ஆர்.சி.ஏ. ஊழியருக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்கத் தபால் துறையில் ‘ரூரல் கேரியர்’ பணிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஆர்.சி.ஏ. எனப்படும் துணைப் பணியிடத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒரு தபால் வழிக்கு நிரந்தரமாக அமர்த்தப்பட்ட ஊழியர் வார ஓய்விலோ விடுப்பிலோ இருக்கும் நாளில், அவருடைய வழியை முழுவதுமாகச் சுற்றி முடிப்பதே இந்தப் பணி. வேறொருவர் பல்லாண்டுகளாகப் பழகிய பாதையில் வாரத்துக்கு ஓரிரு நாள் மட்டும் செல்கிறவர் தொடக்கத்தில் திணறுவது இயல்பே. வண்டியை மெதுவாக ஓட்டுவதால்தான் தாமதமாகிறது என்று முதல் மாதம் முழுவதும் நம்பியிருந்தேன். ஒருநாள், வண்டியை நிறுத்திவிட்டுப் பார்சலைத் தேடும் நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான், காலையில் அலுவலகத்தில் அடுக்கும்போது விட்ட பிழைகளே சாலையில் என் நேரத்தை விழுங்குகின்றன என்பது விளங்கியது. ஆகவே இங்கே அலுவலக வேலைக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

1. விண்ணப்பம்

விண்ணப்பம் துறையின் இணையதளத்தில் பெறப்படுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை என்பதால், பணம் கேட்கும் இடைத்தரகர் எவரையும் நம்ப வேண்டாம். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்; வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இணையவழியில் நடைபெறும் 474 எண்ணிட்ட தேர்வில், வேலையிடத்தில் நேரும் சூழ்நிலைகளில் நீங்கள் எவ்வாறு நடந்துகொள்வீர்கள் என்பதையே கேட்கிறார்கள். மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை. பின்னர், பின்னணிச் சோதனையும் போதைப்பொருள் சோதனையும் நடைபெறும். வாகனம் ஓட்டிய வரலாற்றையும் பார்ப்பார்கள்.

பணியை ஏற்கும் முன் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் கேளுங்கள்: அந்த வழிக்கு அரசு வண்டி உண்டா, அல்லது சொந்த வண்டியை ஓட்ட வேண்டுமா? சொந்த வண்டி என்றால் அதற்கெனப் பராமரிப்புப் படி கிடைக்கும். ஆயினும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை நின்று கிளம்புவதில் பிரேக்கும் டயரும் தேயும் வேகத்தைப் பார்த்தால், அந்தப் படி போதுமா என்பதை உங்கள் வண்டியின் வயதை வைத்து நீங்களே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

2. பயிற்சியும் வலப்பக்க ஓட்டுநர் இருக்கையும்

பதவி உறுதிமொழி, அறிமுக வகுப்பு, வாகனப் பயிற்சி, கேரியர் அகாடமி ஆகியவை முடிந்தபின், உங்கள் அலுவலகத்தில் அனுபவமுள்ள ஒருவருடன் சேர்த்து அனுப்புவார்கள். கிராமப்புற ஊழியர்களுக்குச் சீருடை இல்லை. வழுக்காத காலணி கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு வண்டி பெரும்பாலும் எல்.எல்.வி. எனப்படும் வெள்ளைப் பெட்டி வண்டியாக இருக்கும். 1987 முதல் 1994 வரை தயாரிக்கப்பட்ட இவ்வண்டிகளில் குளிர்சாதனம் கிடையாது. இவற்றுக்கு மாற்றாக ஆஷ்காஷ் நிறுவனம் தயாரிக்கும் புதிய வண்டிகள் 2024 முதல் வரத் தொடங்கியுள்ளன. ஆனால் புதியவருக்கு முதலில் கிடைப்பது பழைய வண்டியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு செல்வதே மேல். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏறி உட்கார்ந்ததுமே பழைய கை திரும்பிவிடும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. இருக்கை ஊரில் இருந்ததுபோல் வலப்பக்கம், சாலையில் ஓட்டுவதோ அமெரிக்க வழக்கப்படி வலப்பக்கம். கை ஒரு நாட்டையும் கண் இன்னொரு நாட்டையும் நினைத்துக்கொண்டிருக்க, வெறிச்சோடிய மண் சாலையில் ஒரு வளைவைக் கடந்ததும் நம்மை அறியாமல் இடப்பக்கத்துக்கு நகர்ந்துவிட நேரும். முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ‘சாலையின் விளிம்பு என் பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். கடிதப் பெட்டி எப்போதும் உங்கள் வலக் கைக்கு எட்ட வேண்டும் என்பதால், இந்தச் சொற்றொடர் இரண்டு வேலைக்கும் உதவும்.

3. கேஸில் அடுக்குதல்

கேஸ் என்பது உங்களை மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கும் உலோக அடுக்கு. வழியில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் அதில் ஓர் அறை உண்டு. வண்டி எந்த வரிசையில் வீடுகளைக் கடக்கிறதோ அதே வரிசையில் அறைகளும் அமைந்திருக்கும். எனவே கேஸைப் பார்ப்பதும் வழியின் வரைபடத்தைப் பார்ப்பதும் ஒன்றே. முகவரிகள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய முயலாதீர்கள். ஒவ்வொரு தெருவும் எந்த அடுக்கில் தொடங்கி எந்த அடுக்கில் முடிகிறது, அதில் எண்கள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்பதை மட்டும் முதலில் பிடித்துக்கொண்டால், மற்றவை கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

சாதாரணக் கடிதங்களில் பெரும்பகுதியை இயந்திரமே வீட்டு வரிசைப்படி அடுக்கித் தட்டுகளில் அனுப்பிவிடுகிறது. இதை டி.பி.எஸ். என்பார்கள். இத்தட்டுகளைப் பிரிக்காமல் வண்டிக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் கேஸில் அடுக்க வேண்டியவை, ‘ஃபிளாட்’ எனப்படும் இதழ்கள், பட்டியல் புத்தகங்கள், பெரிய உறைகள், இயந்திரத்துக்குப் பிடிபடாத கடிதங்கள் ஆகியவையே.

இங்குப் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது முகவரி மாறியவர்களின் தபாலில்தான். அறைக்கு அருகில் ஒட்டப்பட்டிருக்கும் குறிப்பையும், முகவரி மாற்றப் பதிவுகளையும் பார்த்த பிறகே உறையை உள்ளே வையுங்கள். முதல் வகுப்புக் கடிதங்கள் 12 மாதங்களுக்கும், பருவ இதழ்கள் 60 நாள்களுக்கும் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றன. விளம்பரத் தபால் பொதுவாகப் புதிய முகவரிக்கு அனுப்பப்படுவதில்லை. வெளியூர் செல்பவர்கள் 3 முதல் 30 நாள்கள் வரை தபாலை நிறுத்திவைக்கக் கேட்கலாம். அத்தகைய வீட்டின் அறையைக் கவனிக்காமல் நிரப்பிவிட்டால், யாரும் இல்லாத வீட்டின் வாசலில் பெட்டி நிரம்பி வழிந்து, திருடனுக்கு நாமே சேதி சொன்னதாகிவிடும்.

அடுக்கி முடித்ததும், அறைகளைக் காலியாக்கி வரிசை குலையாமல் தட்டுகளில் இறக்க வேண்டும். ஒரு கட்டுத் தலைகீழாகிவிட்டாலும் ஒரு தெரு முழுவதும் பின்னோக்கி ஓடும். அவசரப்படக் கூடாத இடம் இது. பக்கத்துக் கேஸில் இருப்பவர் உங்களைவிட இருமடங்கு வேகத்தில் இறக்கிக்கொண்டிருப்பார், அவரைப் பார்க்காதீர்கள்.

4. பார்சலும் வண்டியில் ஏற்றுதலும்

ஒரு பார்சல் 70 பவுண்டு வரை இருக்கலாம். முழங்காலை மடக்கித் தூக்குங்கள். முடியாவிட்டால் உதவி கேளுங்கள்.

பார்சல்களை வழியின் வரிசைப்படி பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் கண்ணில் படும்படி மார்க்கரால் ஒரு வரிசை எண்ணை எழுதிவிடுங்கள். சிறியவற்றைத் தட்டுகளில் வரிசையாக அடுக்குங்கள். பெரிய பார்சல் உள்ள வீட்டுக்கு, அடுக்கிய தபாலுக்கு நடுவே ஒரு வண்ண அட்டையைச் செருகி வையுங்கள். சாலையில் தபாலை எடுக்கும்போது அந்த அட்டை கையில் தட்டுப்படும். ‘பின்னால் இவருக்கு ஒரு பெட்டி இருக்கிறது’ என்று அது நினைவூட்டும். இந்த அட்டையைச் செருகச் சோம்பல்பட்டதால், வழியின் கடைசி வீட்டில் நின்றுகொண்டு, பத்து மைல் பின்னால் விட்டுவந்த வீட்டின் பார்சலை வெறித்துப் பார்த்த நாள்கள் எனக்கு உண்டு.

ஏற்றும்போது கடைசியில் தர வேண்டியதை முதலில் உள்ளே தள்ளுங்கள். டி.பி.எஸ். தட்டும் ஃபிளாட் தட்டும் உங்கள் இடக் கைப் பக்கம் அருகருகே இருக்கட்டும். இடக் கை எடுக்கும், வலக் கை பெட்டிக்குள் வைக்கும்.

5. சாலையில்

சாலையோரக் கடிதப் பெட்டியின் அடிப்பகுதி, சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டுவதற்காக வகுத்த உயரம் அது. சிவப்புக் கொடி உயர்ந்திருந்தால் உள்ளே நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய தபால் இருக்கிறது என்று பொருள்; அதை எடுத்துக்கொண்டு கொடியை இறக்கிவிடுங்கள். கோடையில் பெட்டியைத் திறக்கும் முன் ஒருமுறை தட்டுங்கள், குளவிகள் கூடு கட்டியிருக்கலாம்.

முகவரிகளைச் சரிபார்ப்பதை வண்டி நிற்கும்போது மட்டும் செய்யுங்கள். ஓடும் வண்டியில் அடுத்த வீட்டின் உறைகளைப் புரட்டுவது விபத்துக்கு நேர்வழி. வண்டியைவிட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை அணைத்து, கைப் பிரேக் இட்டு, சாவியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். இருபது அடி தூரம்தானே என்று விட்டுச் செல்லாதீர்கள். ஆளில்லாமல் உருண்ட வண்டியால் வேலையிழந்தவர்கள் உண்டு.

நாய்களைப் பற்றி ஒருபோதும் வீட்டுக்காரரின் சொல்லை நம்ப வேண்டாம். 2023-ல் மட்டும் நாடு முழுவதும் 5,800-க்கும் மேற்பட்ட தபால் ஊழியர்கள் நாய்களின் தாக்குதலுக்கு ஆளானதாகத் துறை தெரிவித்தது. இறங்கும் முன் ஹாரன் அடித்துப் பாருங்கள். நாய் வந்துவிட்டால் முதுகைக் காட்டி ஓடாமல், பையை உங்களுக்கும் அதற்கும் நடுவே பிடித்தபடி பின்வாங்குங்கள். நாய் அவிழ்த்துவிடப்பட்டிருந்தால் அன்று பார்சலைத் தராமல் திரும்பக் கொண்டுவரலாம். அதற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள முடியாது.

சில முதியவர்கள் பெட்டியருகே காத்திருந்து தபால் தலை கேட்பார்கள். திகைக்க வேண்டாம், கிராமப்புற ஊழியர் தபால் தலை விற்கவும் மணியார்டருக்குப் பணம் பெற்றுக்கொள்ளவும் வேண்டியவர். 1896 அக்டோபர் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ் டவுன், ஹால்டவுன், யுவில்லா ஆகிய ஊர்களில் வீட்டுக்கே தபால் கொண்டுசெல்லும் முறை தொடங்கும் வரை, உழவர்கள் கடிதத்துக்காக நகரத்துக்குத்தான் போய்வர வேண்டியிருந்தது. அவர்களுடைய தபால் நிலையப் பயணத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு வந்தது என்பதால், வண்டியும் ஒரு சிறு தபால் நிலையமாகவே நடத்தப்படுகிறது.

6. ஸ்கேன், கையொப்பம், சம்பளம்

பார்சலை வைத்த இடத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். வண்டிக்குத் திரும்பியபின் செய்தால் இடக்குறிப்புத் தவறாகப் பதிவாகும், பார்சல் காணாமற்போனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கையொப்பம் தேவைப்படும் பதிவுத் தபாலுக்கு ஆள் இல்லையெனில், 3849 எண்ணிட்ட சீட்டை நிரப்பிப் பெட்டியில் வைத்துவிட்டு, தபாலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

சம்பள முறை நகரத் தபால்காரர்களுடையதிலிருந்து வேறானது. ஒவ்வொரு வழிக்கும் இத்தனை மணி நேரம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரம் என மதிப்பிடப்பட்ட வழியை ஏழு மணி நேரத்தில் முடித்தாலும் எட்டுக்கே ஊதியம். ஆனால் ஒரு வாரத்தில் நீங்கள் உண்மையில் உழைத்த நேரம் 40 மணியைத் தாண்டினால், மதிப்பீடு விலகி, உழைத்த நேரமே கணக்காகும். 2023 மே முதல் நடப்பில் உள்ள புதிய மதிப்பீட்டு முறை, ஸ்கேனரில் பதிவாகும் செயல்களையும் கணக்கில் எடுக்கிறது. ஆதலால் ஒரு பதிவை விட்டுவிடுவது, அந்த வழியின் நிரந்தர ஊழியருடைய சம்பளத்திலும் கைவைப்பதாகும். அவர் உங்கள்மீது எரிச்சலடைந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

7. திரும்பி வந்தபின்

பெட்டிகளிலிருந்து எடுத்துவந்த தபாலை உரிய இடத்தில் சேருங்கள். பல வீடுகளின் கடிதப் பெட்டிகள் ஒன்றாக அமைந்த அடுக்குப் பெட்டிகளைத் திறக்கும் ‘ஆரோ’ சாவியையும், தராமல் மீண்ட பதிவுத் தபாலையும் பொறுப்பாளரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான பதிவைக் கண்ணால் பார்த்த பிறகே நகருங்கள். இச்சாவிக்காகத் தபால்காரர்களை வழிமறித்துக் கொள்ளையடித்த நிகழ்வுகள் நடந்திருப்பதால், வழியில் இருக்கும்போதும் அது சங்கிலியால் உங்கள் உடையோடு பிணைந்திருக்க வேண்டும். 4240 எண்ணிட்ட படிவத்தில் வந்த நேரம், கிளம்பிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். வண்டியைப் பூட்டும் முன், பின்பக்கம் ஏறி, கவிழ்ந்த தட்டுகளுக்கு அடியிலும் இருக்கைக்குப் பின்னாலும் ஒருமுறை கையால் துழாவிப் பாருங்கள்; சிறு பொதிகள் அங்கேதான் நழுவி விழுந்துகிடக்கும்.