‘ஹக்கிள்பெரி ஃபின்’ மீது புகார் வந்தால்

அமெரிக்கப் பள்ளிகளில் மார்க் ட்வைனின் இந்த நாவலை நீக்கச் சொல்லிப் புகார் வருவது புதிதல்ல. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல் இதில் 200 தடவைக்கு மேல் வருகிறது. அந்த வலி உண்மையானது, புகாரைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

முதலில் எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பக்கம்? புகார் தந்தவர் முழுதும் படித்தாரா? நூலகத்திலிருந்து நீக்கவேண்டுமா, பாடத்திலிருந்தா? இரண்டும் வேறு: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1982ஆம் ஆண்டு பிக்கோ வழக்கு பள்ளி நூலக அலமாரியைப் பற்றியது, பாடத்திட்டத்தைத் தொடவில்லை.

முடிவாகும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். ஓசையில்லாமல் எடுத்து ஒளித்துவைத்தால் விசாரணைக்கே பொருளில்லை. புகாரை விசாரிக்கும் குழுவினர் அனைவரும் நாவலை முழுக்கப் படிக்கவேண்டும். வெட்டியெடுத்த பத்தியில் அந்தச் சொல் மட்டுமே தெரியும். தப்பியோடிய அடிமை ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை, ‘சரி, நரகத்துக்கே போகிறேன்’ என்று கதைநாயகச் சிறுவன் ஹக் கிழித்துப்போடும் 31ஆம் அத்தியாயம் தெரியாது.

வகுப்பில் வைத்தால், அந்தச் சொல்லை யாரையும் வாய்விட்டுப் படிக்க விடாதீர்கள். கறுப்பின மாணவரிடம் மட்டும் திரும்பி, ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்கவே கூடாது. ஒரு பிள்ளையின் தலையில் ஓர் இனத்தையே சுமத்துவது அது. 2011இல் ஒரு பதிப்பு அச்சொல்லை ‘அடிமை’ என மாற்றியது. அது கதையின் கொடுமையை மழுக்கிவிடுகிறது. அதைவிட, அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸின் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாற்றை முதலில் படிக்கக் கொடுங்கள்.