திமிங்கிலம் பார்க்க எந்த மாதம், எந்தக் கரை?

இலங்கையில் நீலத் திமிங்கிலம் பார்க்க வேண்டுமா? ஊரை முடிவு செய்யும் முன் காலண்டரைப் பாருங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸ, மே முதல் ஆகஸ்ட் வரை கிழக்கே திருகோணமலை.

காரணம் பருவக்காற்றுதான். தென்மேற்குக் காற்று வீசும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும், கிழக்கே அமைதியாக இருக்கும். வடகிழக்குக் காற்றில் இது அப்படியே தலைகீழ். இரண்டு இடத்திலும் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுவதால், காலையில் கிளம்பும் படகு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். இரண்டு இட்லியும், ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட்ட வாந்தி மாத்திரையும் போதும். படகு ஆட ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பெரிய பயன் இல்லை.

அக்டோபர், நவம்பரில் இந்தக் கணக்கு செல்லாது. பருவம் மாறும் நேரம், எந்தக் கரையையும் நம்ப முடியாது. அந்த மாதங்களில்தான் லீவு என்றால் முன்பணம் கட்டாமல் போய், அன்றன்றைய கடலைப் பார்த்துப் படகு பேசுங்கள்.