விருத்தி மதிப்பீட்டுக்குப் போகுமுன் பெற்றோர் விடும் பிழைகள்

பொம்மைக் காரை ஓட்டாமல் சில்லை மட்டும் சுழற்றுவான். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கமாட்டான், அம்மாவின் கையை இழுத்துக்கொண்டுபோய் பிரிட்ஜில் வைப்பான். இப்படியொரு பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முதலில் வரும் ஆறுதல், "ஆம்பிளப் பிள்ளையள் பிந்தித்தான் கதைக்கும், இவன்ட அப்பாவும் அப்பிடித்தான்" என்பது. அந்த ஆறுதலிலேயே ஒரு வருடம் போய்விடும். 12 மாதத்தில் மழலை ஒலியோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்; விருத்தி மதிப்பீட்டுக்குக் கொண்டுபோங்கள். பேச்சு, விளக்கம், பழகும் விதம் எல்லாம் வயதுக்கேற்ப வளர்கிறதா, ஓட்டிசம் (பிறரோடு பழகுவதும் தொடர்பாடுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) போன்றவை உண்டா என்று பார்ப்பதுதான் அது. வந்த பேச்சு நின்றுபோனால், எந்த வயதானாலும் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது காது. "கதவு அடிச்சாத் திரும்புறான், காதில ஒண்டுமில்ல" என்று செவிப்புலன் பரிசோதனையைத் தவிர்த்துவிடுவார்கள். நடுக்காதில் நீர் கட்டினால் கதவுச் சத்தம் கேட்கும், பேச்சு மட்டும் மங்கும். அதனால் காதுப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா என்று மதிப்பீட்டில் கட்டாயம் கேட்பார்கள். பலர் யோசிக்காமல் "ஓம்" என்பார்கள். தோளில் தட்டிக்கொண்டு கூப்பிட்டதை மறந்திருப்பார்கள். போவதற்கு முதல் நாளே வீட்டில் பாருங்கள். டீவியை நிறுத்தி, பிள்ளை விளையாடும்போது இரண்டு மீற்றர் பின்னால் நின்று, தொடாமல், சாதாரணக் குரலில் ஒருமுறை கூப்பிட்டுச் சற்றுப் பொறுங்கள். நான்கு தடவையில் எத்தனை தடவை திரும்பினான் என்று எழுதுங்கள். அப்படியே போனில் ஒரு நிமிட வீடியோவும் எடுங்கள். சாப்பாட்டு நேரம், வேறு பிள்ளைகளோடு இருக்கும் நேரம் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைத்தியர் பார்ப்பது புது அறையில் மிரண்டுபோயிருக்கும் பிள்ளையை.

கொழும்பில் எங்கள் வீடுகளுக்கே உரிய பிழை ஒன்று உண்டு. நேர்சரியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் சிங்களம், "பிள்ளை குழம்பிப்போகும்" என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடுவது. பல மொழி கேட்பதால் ஓட்டிசமும் வராது, பேச்சுத் தாமதமும் வராது. அம்மம்மாவோடு கதைக்க இருந்த மொழிதான் போகும். சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்தே எண்ணுங்கள்: "தண்ணி", "போல்" (ஆங்கிலத்தில் பந்து), "எபா" (சிங்களத்தில் வேண்டாம்) மூன்றும் மூன்று சொற்கள்தான். பரிசோதிப்பவர் சிங்களத்தில் மட்டும் கேட்டால், பிள்ளைக்கு விளங்கவில்லையா, மொழி தெரியவில்லையா என்று பிரித்தறிய முடியாது. தமிழில் பேசுபவர் இருக்கிறாரா என்று நாள் எடுக்கும்போதே கேளுங்கள்.

சனல் பண்ணி (தனியார் வைத்தியரிடம் நேரம் பதிந்து) பத்து நிமிடம் காட்டுவது மதிப்பீடு ஆகாது; நடத்தையை அவதானிக்கும் பகுதிக்கே சாதாரணமாக 40 நிமிடமாவது எடுக்கும். மருத்துவமாதுவிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் சொல்லி, பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ராகம அயதி நிலையத்துக்கோ போகும் வழியைக் கேளுங்கள். கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும். ஸ்கேன் எடுக்கச் சொல்லி நெருக்காதீர்கள். ஓட்டிசம் ஸ்கேனில் தெரிவதில்லை.

இணையத்தில் கிடைக்கும் எம்-சாட் (M-CHAT) என்ற ஓட்டிசம் கேள்விக்கொத்தின் இருபது கேள்விகளும் 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானவை. நாலு வயதுப் பிள்ளைக்கு அதை நிரப்பி நிம்மதியடைவதில் அர்த்தமில்லை. உரிய வயதிலும் அது மேலும் பார்க்க வேண்டிய பிள்ளைகளைப் பிரித்தெடுக்கும் வெறும் வடிகட்டிதான்.

நேர்சரி டீச்சரிடம் "எப்படி இருக்கிறான்?" என்று கேட்டால் "நல்ல பிள்ளை" என்றுதான் பதில் வரும். இடைவேளையில் யாரோடு இருக்கிறான், ஒரு வேலையை எத்தனை தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கவனக்குறைவு, அதீத துடிப்பு என்று முடிவெடுக்க வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது அது தெரிந்திருக்க வேண்டும்.

அறைக்குள் "சொல்லு, மாமாக்குச் சொல்லு" என்று தூண்டாதீர்கள், பிள்ளைக்காகப் பதிலும் சொல்லாதீர்கள். கடைசியில் "ஓட்டிசமா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியோடு எழும்பிவிடாமல், விளங்கும் திறன் எந்த வயதளவில் இருக்கிறது, அடுத்த மூன்று மாதம் வீட்டில் என்ன செய்ய வேண்டும், திரும்ப எப்போது வர வேண்டும் என்றும் கேளுங்கள். இன்ன நிலை என்று வைத்தியர் பெயர் வைக்கும்வரை பேச்சுப் பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.