கலிலியோ வழக்கை ஆவணங்களின் வழியே படிக்கும் முறை

பூமி நகர்கிறது என்று வாதிட்டதற்காக வானியலாளர் கலிலியோமீது ரோமின் மத விசாரணை மன்றம் நடத்திய வழக்கை, தீர்ப்பு வந்த 1633இலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். முழந்தாளிட்டுத் தம் கொள்கையைக் கைவிட்ட எழுபது வயதை நெருங்கிய முதியவரின் காட்சி மனத்தை ஆட்கொண்டுவிட்டால், வழக்கு எதன்மேல் நின்றது என்பது கண்ணில் படாமலே போய்விடும். முதலில் 1616க்குச் செல்லுங்கள்; அன்று அவருக்கு என்ன தடை விதிக்கப்பட்டது என்பதன்மேல்தான் வழக்கு நின்றது.

அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று கர்தினால் பெல்லார்மினோ கலிலியோவை அழைத்து எச்சரித்தார். அதைப் பற்றிய இரண்டு தாள்களை அருகருகே வைத்துச் சொல் சொல்லாக ஒப்பிடுங்கள். மற்றதை விரைந்து படித்தாலும் இங்கே நிதானம் வேண்டும். ரோமின் மத விசாரணை மன்றக் கோப்பில் உள்ள குறிப்பு, பூமி நகர்கிறது என்ற கருத்தை அவர் ஏற்கவோ, கற்பிக்கவோ, எவ்விதத்திலும் ஆதரித்து வாதிடவோ கூடாது எனக் கட்டளையிடப்பட்டதாகவும், அவர் பணிந்ததாகவும் கூறுகிறது. ஆனால் அதில் கலிலியோவின் கையெழுத்து இல்லை. மே 26 அன்று பெல்லார்மினோ எழுதிக் கொடுத்த சான்றிதழோ, அக்கருத்தை ஏற்கவோ ஆதரிக்கவோ கூடாது என்ற முடிவு தெரிவிக்கப்பட்டதாக மட்டுமே சொல்கிறது. ‘கற்பித்தல்’, ‘எவ்விதத்திலும்’ ஆகிய சொற்கள் அதில் இல்லை. 1633 ஏப்ரல் 12 அன்று நடந்த முதல் விசாரணையில் கலிலியோ இந்தச் சான்றிதழின் நகலையே நீட்டினார். அதை உறுதிப்படுத்தியிருக்கக்கூடிய பெல்லார்மினோ 1621இலேயே இறந்துவிட்டார்.

அடுத்து, அன்றைய சான்றுகளை அன்றைய நிலையில் வைத்தே எடைபோடுங்கள். தொலைநோக்கியில் தெரிந்த வெள்ளிக் கோளின் பிறைகள், எல்லாமே பூமியைச் சுற்றுவதாகச் சொன்ன தாலமியின் அமைப்பை வீழ்த்தின. ஆயினும் பூமியை அசையாமல் நிறுத்தி, மற்ற கோள்களைச் சூரியனைச் சுற்றவிட்ட டைக்கோ பிராகியின் அமைப்போடும் அவை பொருந்தின. பூமி நகர்கிறது என்று காட்டக் கடல் ஓதங்களைக் கொண்டு கலிலியோ முன்வைத்த வாதம் தவறானது. பூமி நகர்வதால் விண்மீன் சற்றே இடம் மாறித் தெரிவது, அதாவது விண்மீன் இடமாறு தோற்றம், 1838இல்தான் வெற்றிகரமாக அளக்கப்பட்டது. சான்று முழுமையாக இல்லை என்பது ஒருவரின் வாயை அடைப்பதற்கு நியாயமாகாது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். ஆனால் இந்தக் குறையை மறைத்துவிட்டு வழக்கைப் படிப்பது நேர்மையாகாது.

கடைசியாக, ஜூன் 22ஆம் தேதித் தீர்ப்பை எடுங்கள். அது அவரை மத விரோதி என்று சொல்லவில்லை, ‘மத விரோதம் குறித்துக் கடும் சந்தேகத்துக்கு உரியவர்’ என்றே சொல்கிறது. தலைப்பில் பத்துக் கர்தினால்களின் பெயர்கள் இருக்க, அடியில் ஏழு கையெழுத்துகளே உள்ளன; கையெழுத்திடாத மூவருள் ஒருவர், போப் எட்டாம் உர்பானின் சகோதரர் மகன் பிரான்செஸ்கோ பர்பெரினி.